தோட்டத்து வீடும் மறுமுறை பார்க்கும் படமும்

ஒரு படத்தை முதன்முறை பார்க்கும்போது கதை நம்மை இழுத்துச் செல்கிறது. அடுத்த முறை பாட்டுக்கும் சண்டைக்கும் காத்திருக்கிறோம். ஐந்தாறு முறை பார்த்த பிறகுதான் கதாநாயகனுக்குப் பின்னால் நிற்கும் துணை நடிகரின் முகம் கண்ணில் படுகிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த என் தலைமுறைக்கும் அதற்கு முந்திய தலைமுறைக்கும், பத்துப் பதினைந்து முறை பார்த்த படங்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் எம்.ஜி.ஆர். படம் ஒன்றும் சிவாஜி படம் ஒன்றும் இல்லாத பட்டியலை நான் கண்டதில்லை.

அந்தப் படங்களின் கதையையோ நடிப்பையோ இங்கே நான் ஆராயப் போவதில்லை. ஒரு குடும்பம் ஒரு படத்தை மறுபடியும் பார்க்க விரும்பியபோது அது எந்தக் கருவியால் முடிந்தது, அந்தப் படத்தின் பிரதி யார் கையில் இருந்தது என்பதே என் அக்கறை. பார்ப்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த வீடுகளில் பழைய குறுந்தட்டுகளும் ஒளிநாடாக்களும் குப்பைக்குப் போவதைப் பார்க்கும்போது, இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

வெள்ளைத்துணிக் காலத்தை நான் பார்த்ததில்லை. அப்பா சொல்லக் கேட்டதுதான். சம்பளம் போட்ட வாரத்திலோ திருவிழாவை ஒட்டியோ தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு சுருள் முடிந்து மறு சுருள் மாட்டும் வரை திடல் முழுக்கப் பேச்சும் கச்சான் வாசனையும்தான். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்து பார்ப்பார்களாம். அங்கே எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், எம்.ஜி.ஆர். இடக்கையால் கத்தி வீசுவார். எப்படிப் பார்த்தாலும், விடிந்தால் படக்காரரும் போய்விடுவார், படமும் போய்விடும். அடுத்து எந்தப் படம் வரும் என்பதைத் தீர்மானித்தவர்கள் பார்த்தவர்கள் அல்லர். சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ பஸ் ஏறிப்போய்க் கொட்டகையில் பார்க்கலாம். அங்கும் படத்தை மாற்றிவிட்டால் அதோடு சரி. 1963 டிசம்பரில் மலேசியாவுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகும் நிலை பெரிதாக மாறவில்லை. நிலையம் போடும் படத்தை, நிலையம் போடும் நேரத்தில் பார்க்க வேண்டும். பிடித்த படத்தை மறுபடி பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதை முதலில் மாற்றியது ஒளிநாடா. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் விஎச்எஸ் முறையை அறிமுகம் செய்தது. எண்பதுகளில் அது லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. முதலில் எல்லார் வீட்டிலும் இல்லை. கிராணி வீட்டில் இருக்கும், அல்லது இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பட்டணத்திலிருந்து டெக்கையும் நாடாக்களையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து வரும். பல தோட்டங்களில் அப்போது ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில் சில மணி நேரம்தான். விளக்கு அணையும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் படத்தையே தொடங்குவார்கள். கல்யாண வீடு, திருவிழா என்றால் கதை வேறு. விடிய விடிய மூன்று படம் ஓடும். மறுநாள் காலைப் பிரட்டுக்குத் தூக்கக் கலக்கத்தோடு போவார்கள்.

ஒளிநாடாவுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. நாடா, சுழலும் உருளையில் பதித்த காந்தத் தலைகளை உரசிக்கொண்டே ஓடுகிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதன் மேல் பூசிய காந்தப் பொடி சிறிதளவு தேய்கிறது. ஒரே பாட்டை ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து பார்த்தால் அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட வேகமாகத் தேயும். திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடத் தொடங்கும். எந்தக் காட்சியை ஒரு குடும்பம் அதிகமாக விரும்பியதோ, அந்தக் காட்சியே முதலில் அழிந்தது. நம் நாட்டுப் புழுக்கத்தில் பூஞ்சணம் வேறு. பழைய நாடாவைத் திறந்து பார்த்தால் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான்.

1993-இல் விசிடி முறைக்கான தரம் வகுக்கப்பட்டது. மேற்கு நாடுகளில் அது அவ்வளவாக எடுபடவில்லை, ஆசியாவில் பிடித்துக்கொண்டது. பெட்டி மலிவு, தட்டு அதைவிட மலிவு, உரசல் இல்லாததால் எத்தனை முறை போட்டாலும் தேய்வதில்லை. இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் எங்கள் ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் தொலைக்காட்சிக்குக் கீழே விசிடி பெட்டி இல்லாத வீடு இல்லை என்றே சொல்லலாம். பசார் மாலாமில் தட்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றில் பாதிக்கு மேல் திருட்டுப் பதிப்பு என்பது விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் தெரியும். குறுந்தட்டு உற்பத்தியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் 2000-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தது.

ஒரு விசிடியில் அடங்குவது சுமார் 74 நிமிடம். அதனால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் இரண்டு மூன்று தட்டுகளாக உடைந்தது. ‘நாடோடி மன்னன்’ (1958) போல மூன்றரை மணி நேரத்தைத் தொடும் படத்துக்கு மூன்று தட்டு வேண்டும். கொட்டகையில் இடைவேளையை இயக்குநர் யோசித்து வைத்தார். தட்டு முடியும் இடத்தை யாரும் யோசிக்கவில்லை. பாட்டின் நடுவிலோ அழுகையின் நடுவிலோ படம் நின்றுவிடும். அம்மா தேத்தண்ணி கலக்க எழுந்துவிடுவார். தட்டு மாற்றுவது பிள்ளைகள் வேலை. ஒரு படத்தைப் பல முறை இப்படிப் பார்த்தவர்களுக்கு அந்த முறிவும் படத்தின் பகுதியாகவே மனத்தில் பதிந்துவிட்டது. இன்றும் ஒரு படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, ‘இங்கேதான் ரெண்டாவது தட்டு’ என்று என் வாய் முணுமுணுக்கிறது.

படமும் முழுதாக வரவில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரை நான்குக்கு மூன்று என்ற அளவில் ஏறத்தாழச் சதுரமாக இருந்தது. சினிமாஸ்கோப் படமோ உயரத்தைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல் அகலம். அகலப் படத்தைச் சதுரப் பெட்டியில் நிரப்ப வேண்டுமானால் இரு ஓரங்களிலும் வெட்ட வேண்டும். கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் போய்விடுகிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்ற ஒன்றை இப்படி வெட்டிய பிரதியில் பார்த்தால், அரசவையில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். வெட்டாமல் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டுப் போடலாம். அப்படி வந்த தட்டுகளை எங்கள் தோட்டத்தில் ‘படம் சின்னதா வருது’ என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. முழுப்படம் கிடைத்தது அந்தச் சின்னதில்தான்.

ஓசையில் நடந்த மாற்றம் இன்னும் நுட்பமானது. அதைப் பலர் கவனித்ததில்லை. அப்பா கவனித்தார். அண்மையில் இணையத்தில் ஒரு பழைய படத்தைப் போட்டுக் கொடுத்தபோது, இரண்டாம் பாட்டிலேயே கேட்டார்: “பாட்டு என்னா இப்படி இழுக்குது? முன்ன இப்படி இல்லியே.” வயதானவர்களின் காது என்று நாம் சொல்லிவிடுவோம். ஆனால் அவர் சொன்னது சரி. திரைப்படச் சுருள் வினாடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடுவது. மலேசியாவும் இந்தியாவும் பின்பற்றிய தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25. அந்த முறைக்குப் பால் என்று பெயர்; பால்மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 24-ஐ 25 ஆக்கச் சுலபமான வழி, படத்தையே சற்று வேகமாக ஓடவிடுவது. நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் இசையும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு மேலே ஏறிவிடும். ஒளிநாடாவிலும் விசிடியிலும் நாம் கேட்டுப் பழகிய டி.எம்.எஸ். குரல் பெரும்பாலும் இப்படிச் சற்றே உயர்ந்த குரல்தான். இணையத்தில் வருவது சுருளின் இயல்பான வேகத்தில் ஓடுகிறது. இருபது ஆண்டு விசிடியில் கேட்டவருக்கு அது இழுப்பதுபோல் தோன்றத்தானே செய்யும்?

டிவிடி 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஓரடுக்குத் தட்டிலேயே 4.7 கிகாபைட், ஒரு முழுப் படம் உடையாமல் அடங்கியது. படத் தெளிவு கூடியது. வசன எழுத்தைத் தேவைப்பட்டால் போடலாம், இல்லாவிட்டால் நிறுத்தலாம். விசிடியில் எழுத்து படத்தோடு ஒட்டியே பதிந்திருக்கும், நீக்க முடியாது. அதில் ஒரு நன்மையும் இருந்தது. மலாய் எழுத்தோடு வந்த தட்டுகளை எங்கள் பக்கத்து மலாய்க் குடும்பம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கும். திருப்பிக் கொடுக்கும்போது குயே வரும். ஆனால் டிவிடி தோட்டத்தில் விசிடியைப் போல ஆட்சி செய்ததாக எனக்கு நினைவில்லை. அது பரவிய காலத்தில் தோட்டமே கலையத் தொடங்கியிருந்தது.

பால்மரம் செம்பனையானது, செம்பனை நிலம் வீடமைப்புத் திட்டமானது. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் இன்று நாம் வீடு வாங்கும் இடங்கள் பல, ஒரு காலத்தில் நிரை நிரையாக மரம் நின்ற மண். தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம்மவர்கள் தாமானுக்குப் போனார்கள். லாரியில் ஏறிய சாமான்களில் சாமி படங்களும் தையல் இயந்திரமும் போலவே, ரொட்டி டின்னில் அடுக்கிய குறுந்தட்டுகளும் இருந்தன. அப்போது யாரும் அவற்றைத் தூக்கி எறியவில்லை. எறியத் தொடங்கியது பிறகு.

நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் மலேசியாவுக்கு வந்தது. அமேசான் பிரைம் அதே ஆண்டு டிசம்பரில். யூடியூப்பில் உரிமை பெற்ற நிறுவனங்களே பழைய தமிழ்ப்படங்களை முழுதாக ஏற்றியிருக்கின்றன. இதன் நன்மைகளை மறைக்கக் கூடாது. வெட்டாத அகலத்தில், கோடு விழாத படம் கிடைக்கிறது. 2012-இல் புதுப்பித்து வெளியிட்ட ‘கர்ணன்’ (1964) போன்ற படங்களை, தோட்டத்துத் திடலில் பார்த்தவர்களே இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் போதும். அதனால்தான் ‘இனி எதற்கு இந்தக் குப்பை?’ என்று ரொட்டி டின் வாசலுக்கு வருகிறது.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். திடலில் படம் காட்டியவர் கையில் பிரதி இருந்தது. தொலைக்காட்சிக் காலத்தில் நிலையத்தின் கையில் இருந்தது. நாடாவும் தட்டும் வந்தபோதுதான் அது நம் கைக்கு வந்தது. இணையத்தில் பார்க்கும்போது அது மறுபடியும் நம் கையைவிட்டுப் போய்விட்டது. படம் இருப்பது நிறுவனத்தின் கணினியில். நாம் கட்டும் சந்தா அதைப் பார்க்கத் தரும் அனுமதிக்கு மட்டும். அந்த நிறுவனமும் பெரும்பாலான படங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை வாங்கியே போடுகிறது. காலம் முடிந்து உரிமை புதுப்பிக்கப்படாவிட்டால் படம் பட்டியலிலிருந்து போய்விடும். புதிய படங்களுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. வேறொரு தளத்தில் வரும். அதிகம் பேர் தேடாத அறுபது, எழுபதுகளின் படங்களுக்குத்தான் ஆபத்து.

தேடுவதிலும் சிக்கல் உண்டு. அப்பா ‘ஆயிரத்தில் ஒருவன்’ கேட்டால் 1965-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். படம் என்று நமக்குத் தெரியும். தேடுபொறிக்கு 2010-இல் அதே பெயரில் வந்த படமும் தெரியும். ‘பில்லா’ என்றால் 1980-ஆ, 2007-ஆ? ‘தில்லு முல்லு’ 1981-ஆ, 2013-ஆ? போதாதற்குத் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுபது வயதுக்காரர் தனியாக உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. விசிடி பெட்டியில் அவரே தட்டை எடுத்தார், துடைத்தார், போட்டார். இன்று மகனோ பேத்தியோ வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கிறார். அப்பா வாய்விட்டுக் குறை சொன்னதில்லை. ஆனால் பிடித்த படத்தை நினைத்த நேரத்தில் பார்க்கும் உரிமையை அவர் இழந்திருக்கிறார் என்பதே உண்மை.

படமே மாறிப்போகவும் கூடும். 2013-இல் வந்த இந்திப் படம் ‘ராஞ்ஜனா’, தமிழில் ‘அம்பிகாபதி’ என்ற பெயரில் வெளியானது. கதாநாயகன் இறப்பதாக முடியும் கதை. 2025 ஆகஸ்டில் தமிழ்ப் பதிப்பை மறுவெளியீடு செய்தபோது, உரிமை வைத்திருந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றி, அவன் பிழைப்பதாகக் காட்டியது. இயக்குநர் ஆனந்த் எல்.ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். நாளை வேறு படங்களுக்கும் இப்படி நடந்தால், பழைய முடிவு எது என்று காட்டச் சாட்சியாக இருப்பது யாரோ ஒருவர் அலமாரியில் இருக்கும் தட்டுதான். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று ஒரு பிரதிகூட எஞ்சாமல் போய்விட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஒரு சிலர் இதற்கெல்லாம் விடையாக, எல்லாப் படமும் வரும் என்று விற்கப்படும் ஆண்ட்ராய்டு பெட்டியைக் காட்டுவார்கள். உரிமையின்றி ஒளிபரப்பும் அத்தகைய பெட்டிகளை விற்பது 2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதிலும் படம் நம்முடையதில்லை. ஒரு நாள் திறந்தால் எல்லாம் கறுப்பாக இருக்கும்.

ஆகவே வீட்டில் இருக்கும் தட்டுகளை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பாதுகாப்பார்கள். விசிடியில் தகவல் இருப்பது மேற்பக்கத்தை ஒட்டி, படம் அச்சிட்ட பூச்சுக்குச் சற்றே கீழே. அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த பிளாஸ்டிக் இருக்கிறது. அங்கே விழும் சிறு கீறலை லேசர் ஒளி ஓரளவு தாண்டிப் படித்துவிடும். மேற்பக்கக் கீறல் தகவலையே சுரண்டிவிடும். எனவே தட்டை எந்தப் பக்கமும் உரச விடாமல் உறையில் நிறுத்தி வைக்க வேண்டும். டிவிடியில் தகவல் இரண்டு மெல்லிய தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் மேற்பக்கம் அவ்வளவு பயமில்லை. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல் வட்டமாகவே ஓடுகிறது, அதே திசையில் கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பல வரிகள் போய்விடும். தட்டு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் விளிம்பில் ஒட்டும் கைரேகை கடைசிக் காட்சிகளைத்தான் திக்க வைக்கிறது. கணினியில் பதிவு செய்த தட்டுகள் சாயத்தால் ஆனவை. வெயில் படும் இடத்தில் வைத்தால் வெளுத்துப் போகும். விசிடி பெட்டி பழுதாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான டிவிடி பெட்டிகள் விசிடியையும் படிக்கும். தட்டுச் செருகும் வசதியுள்ள கணினியிலும் விஎல்சி என்ற இலவச மென்பொருளால் பார்க்கலாம்.

தட்டுகளுக்கு அவகாசம் இருக்கிறது. ஒளிநாடாவுக்கு இல்லை. கடைசியாக விஎச்எஸ் பெட்டி தயாரித்துவந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று ஓடும் பெட்டிகள் எல்லாம் பழையவை. அவற்றின் காந்தத் தலைகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

அந்த நாடாக்களிடையே சினிமா அல்லாத சிலவும் இருக்கும். படம் பார்க்க வாங்கிய அதே டெக்கில்தான் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவையும், பக்கத்து லயத்துக் கல்யாணத்தையும், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியையும் போட்டுப் பார்த்தோம். எங்கள் வீட்டில் திருவிழா நாடா எந்தச் சிவாஜி படத்துக்கும் குறையாத முறை ஓடியிருக்கிறது. தீ மிதிப்பவர்களுக்குப் பின்னால் லயத்து வீடுகளும் பால் கொட்டகையும் கள்ளுக்கடை வாசலும் தெரியும். அந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள். ‘நாடோடி மன்னன்’ எங்காவது ஓரிடத்தில் கிடைத்துவிடும். இந்த நாடாவுக்கு வேறு பிரதி கிடையாது. எந்த நிறுவனமும் இதை உரிமை கேட்டு வரப்போவதுமில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அலமாரியைத் திறந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவைப் பெட்டியில் போட வேண்டாம். பெட்டியின் தலையும் கெடும், அடுத்து போடும் நாடாவும் கெடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவை ஓடும் பெட்டியோடும் கணினியோடும் இணைத்துப் பதிவு செய்யலாம். மூன்று மணி நேர நாடாவைப் பதிய மூன்று மணி நேரம் ஆகும், வேகப்படுத்த வழியில்லை. பதிவாகும்போது தாத்தாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்காரச் சொல்லி, திரையில் வருபவர்கள் யார் யார், எந்த லயம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று மணி நேரம் அதற்குச் சரியாக இருக்கும்.